ரப்பர் விதையில் கணக்குப் படித்த தோட்டத்துப் பிள்ளைகள்

'பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள்' என்பது ஒரு காலத்தில் தோட்டப்புறங்களில் வாத்தியார் மீது சொல்லப்பட்ட புகார். இன்றோ விளையாட வைத்தே பாடம் நடத்துங்கள் என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. விளையாட்டுமயம் என்று அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. அந்தச் சொல்லை 2002இல் உருவாக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த நிக் பெல்லிங் என்ற கணினி நிபுணர். சொல்தான் புதிது. அது குறிக்கும் பொருள் நம் பாட்டன் பூட்டன் காலத்துத் திண்ணையிலேயே இருந்தது.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். புளியங்கொட்டையை வைத்து எண்ணப் பழகினார்கள். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மணலில் எழுதும் முறையை இங்கே பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திக் காட்டி, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. திண்ணையை அப்படியே போற்றவும் முடியாது. பிரம்படியும் பொருள் புரியாத மனப்பாடமும் அங்கே தாராளமாக இருந்தன. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கவும் இல்லை.

பேராக் மாநிலத்துக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள், அடுத்த சில பத்தாண்டுகளில் மாநிலம் முழுவதும் தோட்டங்களாகப் பெருகின. கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி என்றால் பெரும்பாலும் லயத்தின் ஓர் அறை அல்லது கோயிலை ஒட்டிய கொட்டகை. கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த வேறு எவரோதான் பல இடங்களில் வாத்தியார். எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ், அதுவும் ஒரே வாத்தியாரிடம்! பத்து, பன்னிரண்டு வயதானதும் பலர் பெற்றோருக்குத் துணையாக வேலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு புத்தகம் ஏது?

ஆனால் அதே பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே என்ன செய்தார்கள் என்பதுதான் சுவையான செய்தி. காய் வெடித்து 'பட்'டென்று விழும் ரப்பர் விதைகளைப் பொறுக்கினார்கள். ஒன்றன் மேல் ஒன்று வைத்துக் கையால் குத்தி, உடையாத விதைக்காரன் வென்றான். ஐந்தாங்கல், நொண்டி, கோலி, பம்பரம் எல்லாம் உண்டு. ரப்பர் விதையோ புளியங்கொட்டையோ கிடைத்தால் பல்லாங்குழி. பலகைகூடத் தேவையில்லை, மண்ணில் குழி தோண்டினால் போதும்.

பல்லாங்குழியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு வரிசையில் 14 குழிகள். குழிக்கு 5 விதை என்றால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசி விதைக்கு அடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அது வெறுங்குழியாக இருந்தால், அதைத் தாண்டியுள்ள குழியில் இருப்பது வெற்றி. நான்கு சேர்ந்தால் 'பசு', அந்தக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியை அள்ளினால் கடைசி விதை எங்கே விழும் என்று கையை வைக்கும் முன்பே மனத்துக்குள் கணக்குப் போடுபவர்தான் வெல்வார். கூட்டல், கழித்தல், மீதி, முன்யோசனை எல்லாம் அதில் அடக்கம். பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறிய பிள்ளை இங்கே தவறாமல் எண்ணும். பக்கத்துக் கம்பத்தில் மலாய்ப் பிள்ளைகள் ஆடிய சொங்காக்கும் இதன் உறவுதான். அதில் ஆளுக்கு ஏழு வீடு, வீட்டுக்கு ஏழு விதை, ஆக மொத்தம் 98.

இந்த அறிவு ஏன் வகுப்புக்குள் நுழையவில்லை? வகுப்பு என்றால் கைகட்டி அமைதியாக உட்காரும் இடம் என்ற எண்ணமே முதல் காரணம். 1983இல் நாடு முழுவதும் வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் குழு நடவடிக்கை, மொழி விளையாட்டு என்று கதவைச் சற்றுத் திறந்தது. 1988இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தபின் அந்தக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஆறாம் ஆண்டு முழுவதும் மாதிரித் தாள்கள், மாலை வகுப்புகள், கருத்தரங்குகள். 7ஏ பெற்றவர்களின் படங்களை நாளிதழ்களும் பக்கம் பக்கமாக வெளியிட்டன. பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. பால்மரம் வெட்டியவரின் மகள் டாக்டராவதற்கு அந்தத் தாள்தான் முதல் படி என்று நம்பினார்கள். 2021இல் அத்தேர்வு ஒழிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வகுப்பறை கைப்பேசிக்கு மாறியது. நார்வேயில் 2013இல் வந்த கஹூட், பெங்களூரில் 2015இல் பிறந்த குவிஸ்ஸிஸ் போன்ற புதிர்ப் போட்டிகள் பல பிள்ளைகளுக்கு அறிமுகமாயின. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவிடம் என்ற குடும்பங்களுக்கு அது எட்டாக்கனி. இன்னொரு குறையும் உண்டு. வேகமாகத் தொட்டவருக்குக் கூடுதல் புள்ளி. நிதானமாக யோசிக்கும் பிள்ளையின் பெயர் பட்டியலின் அடியில் போய் நிற்கும். பல்லாங்குழியில் எதிராளி யோசித்து முடிக்கும் வரை காத்திருப்பார்கள். கேள்வித்தாளுக்கு நட்சத்திரமும் இசையும் பூட்டினால் அது விளையாட்டாகிவிடாது, வண்ணம் பூசிய கேள்வித்தாள்தான்.

தமிழ்நாடு வேறு வழியை முயன்று பார்த்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷி வேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவான முறைதான் அதற்கு மூலம். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. பரமபத ஏணி போல, பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏற வேண்டும், ஆனால் கடிக்கப் பாம்பு கிடையாது! தரையில் பாய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. 2007இல் மாநிலம் முழுவதும் விரிந்தபோது சிக்கல்களும் வந்தன. அட்டைகள் கிழிந்தால் மாற்ற வேண்டும், கூட்டமான வகுப்பில் ஆசிரியர் திண்டாடுவார், வீட்டுப்பாடம் எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள்.

ஆனால் இந்த முறை பிறந்த சூழல் பேராக்குக்கு நெருக்கமானது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் நகர்ந்தபின் இன்று 520க்குச் சற்று அதிகமாக உள்ளன. பேராக்கில் 134. இவற்றில் பல, 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறிய பள்ளிகள். மிகச் சிறியவற்றில் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒன்றாக உட்காரும் கூட்டு வகுப்பு நடக்கிறது. லயத்து அறையில் அன்றைய வாத்தியார் பட்ட அதே பாடு! இங்கே ஒரு பக்கத்துப் பிள்ளைகள் எதிரெதிரே அமர்ந்து 70 விதைகளை எண்ணிக்கொண்டிருந்தால், மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆசிரியருக்கு இருபது நிமிடம் கிடைக்கும்.