உயரம் மாற்றும் இருக்கை

கரடுமுரடான தடங்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில், ஓட்டுபவரின் கால் நீளத்துக்கேற்ப ஏற்றி இறக்கக்கூடிய இருக்கை. பாறையில் அடிப்பாகம் தட்டாதிருக்க வண்டி உயர்ந்து நிற்க வேண்டும். சேற்றில் வழுக்கும்போதோ கால் தரையில் ஊன்ற வேண்டும். இந்த இழுபறிக்கான சமரசம் இது.

ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் 1100இல் இருக்கையைக் கழற்றி வேறு நிலையில் மாட்டினால் உயரம் 870 மி.மீ.யிலிருந்து 850க்கு இறங்கும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 (2023) 825, 845 என இரு நிலைகள் தருகிறது. வெறும் 20 மி.மீ.தானே என்று தோன்றும். குள்ளமானவர்களுக்கு நுனிவிரல் ஊன்றுவதற்கும் முன்பாதம் பதிவதற்கும் அதுவே வித்தியாசம்.

உயரம் மட்டும் போதாது. முன்பகுதி ஒடுங்கியிருந்தால்தான் கால் நேராக இறங்கும். எழுந்து நின்று ஓட்டும்போதும் தொடையில் இடிக்காது.

பஞ்சைச் செதுக்கி உயரம் குறைப்பது மலிவு, ஆனால் நெடும்பயணத்தில் முழங்கால் வலிக்கும்.