லீட்ஸ் நகர விஞ்ஞானப் புனைகதைக் கழகமும் அதன் பணிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய வரலாற்றை எழுதுவோர் ஆசிரியரையும் நூலையும் முதன்மைப்படுத்திக் கூறுவது வழக்கம். வாசகர் ஒன்றுகூடி அமைத்த சங்கங்களும், அவை நடத்திய கூட்டங்களும், அவை வெளியிட்ட ஏடுகளும் அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுகின்றன. ஆயின் இருபதாம் நூற்றாண்டில் வளர்ச்சியுற்ற விஞ்ஞானப் புனைகதையைப் பொறுத்தவரை இவ்வழக்கம் போதியதன்று. இத்துறையிற் பின்னர் புகழ்பெற்ற ஆசிரியரும் பதிப்பாளரும் பலர் சிறு நகரங்களிலே தோன்றிய வாசகர் கழகங்களில் இளமைக்காலப் பயிற்சி பெற்றவர்கள். அத்தகைய கழகங்களுள் ஒன்றாகிய இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கழகத்தின் பணிகளை ஆராய்ந்து, அது அடைந்த பயனை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கழகத்தின் தோற்றத்தை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்கச் சஞ்சிகைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பார் 1926ஆம் ஆண்டு ஏப்ரலில் 'அமேசிங் ஸ்ரோரீஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானப் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கிலச் சஞ்சிகை அதுவாகும். வாசகர் கடிதங்களை அவற்றை எழுதியோரின் முகவரிகளுடன் வெளியிடும் வழக்கம் அதில் இருந்தது. இதனால் ஒருவரையொருவர் அறியாதிருந்த வாசகர் தமக்குள் கடிதத் தொடர்பு கொள்ள வாய்ப்பு உண்டாயிற்று. பின்னர் கேர்ன்ஸ்பாக் தாம் நடத்திய 'வொண்டர் ஸ்ரோரீஸ்' சஞ்சிகையின் வாயிலாக 1934இல் 'விஞ்ஞானப் புனைகதைச் சங்கம்' என்றோர் அமைப்பை நிறுவி, ஊர்தோறும் கிளைகள் அமைக்குமாறு வாசகரைத் தூண்டினார். சஞ்சிகையின் விற்பனையைப் பெருக்குவது அவருடைய நோக்கங்களுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. ஆயினும் வணிக நோக்குடன் தொடங்கப்பெற்ற அவ்வமைப்பு, தொடங்கியவர் எதிர்பாராத பயன்களை விளைத்தது.

பிரித்தானியாவில் இச்சஞ்சிகைகள் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் விற்பனையாகாது எஞ்சிய பிரதிகளே கப்பல்வழி வந்து, வூல்வேர்த் போன்ற கடைகளில் மூன்று பென்சு வீதம் மலிவாக விற்கப்பட்டன. எந்த இதழ் எப்பொழுது வரும் என்பதை ஒருவரும் அறியார். தொடர்கதையொன்றின் முதற்பகுதியைப் படித்தவர் அடுத்த பகுதியைக் காணாமலே விடுவதும் உண்டு. எனவே தம்மிடமுள்ள பிரதிகளைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளும் தேவை இயல்பாகவே எழுந்தது. கழகங்கள் தோன்றியமைக்குக் கொள்கைப் பற்று எவ்வளவு காரணமோ அவ்வளவிற்கு இந்நூற் பஞ்சமும் காரணம் எனலாம். 1930இலேயே வோல்டர் கிலிங்ஸ் என்பார் இல்பேட் என்னுமிடத்தில் ஒரு விஞ்ஞான இலக்கிய வட்டத்தை அமைத்திருந்தார். 1935இல் டக்ளஸ் மேயர் என்னும் இளைஞரின் முயற்சியால், கேர்ன்ஸ்பாக்கின் சங்கத்துக்குப் பிரித்தானியாவில் அமைந்த முதற்கிளை லீட்ஸ் நகரிலே தோன்றியது.

லீட்ஸ் நகரம் இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க்‌ஷயரில், கம்பளி நெசவுக்கும் ஆடைத் தொழிலுக்கும் பெயர்பெற்ற கைத்தொழில் நகராகும். இலக்கியத் தலைநகர் எனக் கருதப்பெறும் இலண்டனிலிருந்து அது வெகுதொலைவிலுள்ளது. கழகத்தார் பெரும்பாலும் இளைஞரான ஆடவர். செல்வரோ செல்வாக்கு உடையோரோ அவர்களிடையே இலர். பதிப்பகத் தொடர்பும் பல்கலைக்கழக ஆதரவும் அவர்களுக்குக் கிட்டவில்லை. இவை எதுவுமின்றி அவர்கள் ஆற்றிய பணிகளைக் கூட்டம், ஏடு, கடிதத் தொடர்பு என மூவகைப்படுத்தி நோக்கலாம்.

முதலாவது கூட்டம். கழகத்தார் கூடித் தாம் வாசித்தவற்றைப் பற்றி உரையாடினர். அத்துடன் அமையாது, நாட்டின் பல பாகங்களிலுமுள்ள ஆர்வலரை ஓரிடத்தே கூட்டவும் எண்ணினர். அதன் பயனாக 1937ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, லீட்ஸ் நகரின் பிரம்மஞான சங்க மண்டபத்தில் ஒரு மாநாடு நடைபெற்றது. வந்திருந்தோர் ஏறத்தாழ இருபதின்மரே. ஆயின் அவர்கள் யாவர் என்பது கவனத்துக்குரியது. வோல்டர் கிலிங்ஸ், ரெட் கார்னெல், மொறிஸ் ஹான்சன், எரிக் ஃபிராங்க் றசல், மைக்கேல் றோசன்புளூம் ஆகியோரும், அப்பொழுது இலண்டனில் அரசாங்க எழுதுவினைஞராயிருந்த பத்தொன்பது வயதினரான ஆதர் சி. கிளார்க்கும் அங்கு இருந்தனர். அமெரிக்கச் சங்கத்தின் கிளையாக இருப்பதை விடுத்துப் பிரித்தானியருக்கெனத் தனியமைப்பொன்று வேண்டும் எனத் தீர்மானித்து, 'விஞ்ஞானப் புனைகதை மன்றம்' என்பதை அவர்கள் அங்கேயே நிறுவினர். மன்றத்தின் தலைமையகம் முதலில் லீட்ஸிலேயே அமைந்தது.

விஞ்ஞானப் புனைகதை ஆர்வலரின் முதல் மாநாடு இதுவே என்பர் ஒரு சாரார். 1936 ஒக்ரோபரில் நியூயோர்க் நகர ஆர்வலர் சிலர் பிலடெல்பியா சென்று, அங்குள்ள நண்பரை ஓர் இல்லத்திற் சந்தித்தமையே முதல் மாநாடு என்பர் மற்றொரு சாரார். காலத்தால் அமெரிக்கச் சந்திப்பு முந்தியது என்பது வெளிப்படை. எனினும் ஒரு கூட்டத்தை மாநாடு எனக் கொள்வதற்கு முன்னறிவித்தல், பொதுவிடம், நிகழ்ச்சிநிரல், தீர்மானம் ஆகியன வேண்டுமெனின் லீட்ஸ் கூட்டத்துக்கே அப்பெயர் பொருந்தும். எம்மைப் பொறுத்தவரை, எது முந்தியது என்பதினும் எது நிலைத்த அமைப்பொன்றைத் தந்தது என்பதே முக்கியமான வினாவாகும். அவ்வகையில் லீட்ஸ் மாநாட்டின் சிறப்பை மறுத்தல் அரிது. மேலும், அன்று எடுக்கப்பெற்ற நிழற்படங்களும் மாநாடு பற்றி எழுதிவைக்கப்பட்ட குறிப்புகளும் எஞ்சியுள்ளமையாலேயே இவ்விவாதத்தை நாம் இன்று நடத்த முடிகின்றது.

இரண்டாவது பணி ஏடுகளை வெளியிடுதல். நனீற்றன் என்னும் ஊரிலிருந்து மொறிஸ் ஹான்சன் 1936 மார்ச்சில் 'நோவே தெரே' என்ற ஏட்டைத் தொடங்கியிருந்தார். இலத்தீன் மொழியில் 'புதிய நிலங்கள்' எனப் பொருள்படும் இவ்வேடு, மன்றத்தின் அதிகாரபூர்வ ஏடாயிற்று. மெழுகுத்தாளிலே தட்டச்சிட்டு ரோனியோ முறையிற் பெருக்கப்பட்ட இத்தகைய ஏடுகளை எமது மாணவர் சங்கங்கள் நன்கறியும். லீட்ஸில் மேயர் 'டுமோரோ' என்னும் ஏட்டையும், உறுப்பினரின் கதைகளுக்கென 'அமெச்சூர் சயன்ஸ் ஸ்ரோரீஸ்' என்னும் ஏட்டையும் வெளியிட்டார். பின்னதன் மூன்று இதழ்களே வெளிவந்தன. ஆயினும் 1937 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் இதழிலேதான் கிளார்க்கின் 'ராவல் பை வயர்' என்ற கதை இடம்பெற்றது. அவருடைய கதைகள் தொழில்முறைச் சஞ்சிகைகளில் வெளிவரத் தொடங்கியது 1946இலாகும். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எழுதிப் பழகிய களம் இத்தகைய ஏடுகளே.

இவ்வேடுகளில் கதை மட்டுமன்றி விவாதமும் இடம்பெற்றது. இப்புனைகதை விஞ்ஞான அறிவைப் பரப்பும் கருவியா, அன்றி இலக்கியமா என்ற வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. போர்மேகம் சூழ்ந்த அக்காலத்தில், எதிர்காலத்தைப் பற்றி எழுதுவோர் அரசியலையும் பேசவேண்டும் என்போரும், அது கழகத்துக்கு ஒவ்வாதது என்போரும் நோவே தெரேயில் எதிரெதிராக நின்றனர். அமெரிக்காவில் இதே கருத்து வேறுபாடு பூசலாக முற்றியது. 1939 யூலையில் நியூயோர்க்கில் நடந்த முதலாவது உலக மாநாட்டில் டொனால்ட் வொல்ஹைம் உள்ளிட்ட அறுவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பிரித்தானியக் கழகத்தார் அந்நிலையை அடையாமற் காத்துக்கொண்டமைக்கு, மாறுபட்ட கருத்துடையோர் ஒரே ஏட்டில் எழுத இடமளித்தமை ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

1938இல் மன்றத்தின் தலைமையகம் இலண்டனுக்கு மாற்றப்பட்டது. கிறேஸ் இன் வீதியில் 88ஆம் இலக்கத்தில் கிளார்க், வில்லியம் ரெம்பிள், ஹான்சன் ஆகிய மூவரும் கூடி வாழ்ந்த குடியிருப்பே அதன் மையமாயிற்று. பிலிப் கிளீற்றர் என்பவரால் 1933இல் லிவர்பூலில் நிறுவப்பெற்ற பிரித்தானியக் கிரகாந்தரச் சங்கத்தின் பணிகளும் அங்கேயே நடைபெற்றன. சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசெல்லும் கலமொன்றின் அமைப்பை அச்சங்கத்தார் அக்காலத்திலே ஆராய்ந்து வரைந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கதையை வாசிப்போரும் கலத்தைக் கணக்கிடுவோரும் பெரிதும் ஒரே குழுவினராயிருந்தனர்.

1939 செப்டெம்பரில் போர் மூண்டதும் மன்றம் செயலிழந்தது. உறுப்பினர் பலர் படைச்சேவைக்குச் சென்றனர். கடதாசிக்குக் கட்டுப்பாடு வந்தது. இந்நிலையில் மூன்றாவது பணியாகிய கடிதத் தொடர்பை மீண்டும் லீட்ஸ் நகரமே ஏற்றது. றோசன்புளூம் அங்கிருந்து 1940 முதல் 1945 வரை 'பியூச்சூரியன் வோர் டைஜஸ்ட்' என்னும் செய்தி ஏட்டை இடையறாது வெளியிட்டார். எவர் எங்கே பணியாற்றுகின்றார், எந்த நூல் எங்கே கிடைக்கும் என்பன போன்ற செய்திகளே அதில் மிகுதி. தனித்து வெளியிட இயலாத பிறரின் சிற்றேடுகளையும் தம் ஏட்டுடன் சேர்த்து அவர் அஞ்சல் செய்தார். இலக்கிய நயம் என்று எடுத்துக்காட்ட அவ்வேட்டில் அதிகமில்லாதிருக்கலாம். ஆயின் சிதறிய குழுவொன்று சிதைந்து போகாமற் காத்தது அதுவே.

போருக்குப் பின் விளைந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1939இல் ஹான்சனிடமிருந்து நோவே தெரேயைப் பொறுப்பேற்ற கார்னெல், அதன் பெயரை ஆங்கிலத்தில் 'நியூ வேர்ல்ட்ஸ்' என மாற்றியிருந்தார். 1946இல் அப்பெயருடனேயே தொழில்முறைச் சஞ்சிகையொன்று அவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. மூன்று இதழ்களுடன் அதன் பதிப்பகம் வீழ்ச்சியுற, ஆர்வலர் தாமே முதல் திரட்டி 'நோவா' என்னும் பதிப்பகத்தை நிறுவி, 1949இல் சஞ்சிகையை மீட்டனர். பின்னர் பிறையன் ஓல்டிஸ், ஜே. ஜி. பலார்ட் முதலியோர் வளர்வதற்குக் களமாக இருந்தது அச்சஞ்சிகையே. இலண்டன் ஃபெற்றர் ஒழுங்கையிலிருந்த 'வைற் ஹோர்ஸ்' என்னும் மதுவகத்தில் வியாழன் மாலைகளில் கூடிய ஆர்வலருள் கிளார்க்கும் ஜோன் வின்டமும் இருந்தனர். அக்கூட்டங்களை மாதிரியாகக் கொண்ட கிளார்க்கின் கதைத்தொகுதி 1957இல் வெளிவந்தது.

விஞ்ஞானத் துறையிலும் இக்கழக வாழ்வின் தடயம் உண்டு. புவியின் சுழற்சிக்கு இசையச் சுற்றும் மூன்று நிலையங்களால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்னும் கருத்தைக் கிளார்க் 1945 ஒக்ரோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வெளியிட்டார். அதற்கு முன், அவ்வாண்டு மே மாதத்தில், அதே கருத்தைக் குறிப்பொன்றாகத் தட்டச்சிட்டுக் கிரகாந்தரச் சங்க நண்பரிடையே அவர் சுற்றறியச் செய்தார். இக்கருத்தைக் கழகமே தந்தது எனக் கூறுதல் மிகையாகும். விமானப்படையிற் பெற்ற ரேடார் அனுபவமும் கணித அறிவுமே அதற்கு அடிப்படை. ஆனால் முற்றுப்பெறாத எண்ணத்தை நகையாடாது கேட்டு ஆராயும் நண்பர் குழாம் அவருக்கு வாய்த்திருந்தமை சிறிய உதவியன்று.

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச் 19இல் கொழும்பிற் காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். எமது நாட்டில் அவரது பெயரை அறியாதார் அரியர். ஆயின் அவருக்கு முதலில் ஏடும் மேடையும் அளித்த மேயரையோ, போர்க்காலத்தில் ஆர்வலரைப் பிணைத்து வைத்த றோசன்புளூமையோ அறிந்தார் மிகச் சிலரே. புகழ் ஒருவரைச் சார்ந்து நிற்பது இயல்பு; வரலாறும் அவ்வாறே அமைதல் தகாது. ஒருவர் எழுதுவதற்கு முன் அதனைப் பெருக்க ஒருவர், அஞ்சல் செய்ய ஒருவர், வாசித்து மறுத்துரைக்க ஒருவர் இருந்தனர் என்பதையும் வரலாறு பதிவுசெய்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றால் இரண்டு முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவது, லீட்ஸ் கழகம் பெரிய ஆக்கங்களைத் தந்த கழகமன்று. ஆக்கங்கள் தோன்றுவதற்கு வேண்டிய கூட்டம், ஏடு, தொடர்பு என்னும் ஒழுங்குகளை ஏற்படுத்திய கழகம். அதன் பெருமையும் அதன் எல்லையும் அதுவே. இரண்டாவது, எளிதில் அழியக்கூடிய ரோனியோத் தாள்களைச் சிலர் பேணி வைத்திராவிடின் இவ்வரலாற்றை எழுதுதல் இயலாது. சங்கமொன்று தன் கூட்டக்குறிப்பையும் ஏட்டின் ஒவ்வோர் இதழையும் பேணுவது வெறும் அலுவலகக் கடமையன்று. பின்வருவோர் தம்மை மதிப்பிடுவதற்கு வேண்டிய சான்றை விட்டுச் செல்லும் செயலாகும். சங்கம் நடத்தும் எவரும் இவ்வுண்மையை மனங்கொள்ளுதல் நன்று.