மோதி பாக் வீடுகளில் டயல்-அப் இணையம்

தில்லியின் தெற்கே, வட்டச் சாலையை ஒட்டி, சாணக்யபுரிக்கும் ராமகிருஷ்ணபுரத்துக்கும் நடுவில் இருப்பது மோதி பாக். சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி இது. அமைச்சகங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியிருந்தன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. 1995 முதல் ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் இத்தகைய அரசுக் குடியிருப்புகளுக்கு இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது.

இந்தியாவில் கணினி வலையமைப்பு அதற்கும் முந்தியது. 1986-ல் மின்னணுவியல் துறை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், தில்லியில் அத்துறையே என எட்டு இடங்கள் அதில் சேர்ந்தன. 1976-ல் உருவான தேசிய தகவலியல் மையம் அரசு அலுவலகங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தது. ஆகவே மோதி பாக்கில் வசித்த அதிகாரிகள், விஞ்ஞானிகள் சிலருக்கு மின்னஞ்சல் அலுவலகத்தில் பழகிய பொருள். அது வீட்டுக்கு வர வழி இல்லாமல் இருந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று அந்த வழி திறந்தது. வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு முழுவதையும் தன் கையில் வைத்திருந்த விதேஷ் சஞ்சார் நிகம், அதாவது வி.எஸ்.என்.எல்., பொதுமக்களுக்கான இணையச் சேவையை ஜி.ஐ.ஏ.எஸ். என்ற பெயரில் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் தொடங்கியது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். தனிநபர் கணக்குக்குக் கட்டணம் 5,000 ரூபாய். நிறுவனங்களுக்கான டயல்-அப் கணக்குக்கு 16,500 ரூபாய். அன்றைய அரசு எழுத்தர் ஒருவரின் மாதச் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் 5,000 ரூபாய் பெரிய தொகை. தில்லிக்காரர்கள் பங்களா சாகிப் சாலையில் இருந்த விதேஷ் சஞ்சார் பவனில் விண்ணப்பித்தார்கள். கணக்கோடு கிடைத்த மின்னஞ்சல் முகவரியிலேயே ஊர் தெரியும். தில்லிக்கு ஜி.ஐ.ஏ.எஸ். என்பதோடு டி.எல். என்ற எழுத்துகளும் 01 என்ற எண்ணும் சேரும், சென்னைக்கு எம்.டி.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதல் ஆறு மாதத்தில் 10,000 பேர் வரை சேர்ந்தார்கள். அத்தனை பேரின் அழைப்பையும் ஏற்கப் போதுமான மோடம்களும் தொலைபேசி இணைப்புகளும் இல்லை. எப்போது அழைத்தாலும் ‘எங்கேஜ்டு’ ஒலிதான் கேட்டது. கிடைத்த இணைப்பும் பாதியில் அறுந்தது. நிறுவனத்தின் தலைவராக இருந்த பி.கே. சிங்கல் இந்தக் குறைகளைப் பொது மேடையில் ஒப்புக்கொண்டார். பொதுத்துறைத் தலைவர் ஒருவர் அப்படிச் செய்வது அபூர்வம். அது பாராட்ட வேண்டிய செயல்.

வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் தில்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேசில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவை. அரசு ஊழியருக்குக் கணினி வாங்கவென்று வட்டியுடன் முன்பணம் தரும் திட்டம் இருந்தது. அதைக்கொண்டு புதிய பென்டியம் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் 386, 486 வகைப் பழைய கணினிகளே பல வீடுகளில் இருந்தன. வேர்டுஸ்டார், லோட்டஸ் கணக்குத்தாள், பிள்ளைகளின் விளையாட்டு ஆகியவற்றுக்காக வாங்கிய அந்த இயந்திரங்களில் இணையத்தை ஓட வைப்பது தனி வேலை.

முதல் தேவை மோடம். கணினியின் இலக்கச் செய்தியை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பி, மறுமுனையில் மீண்டும் இலக்கமாக்கும் கருவி அது. பெட்டி வடிவ வெளி மோடத்தைக் கணினியின் பின்புறத்துச் சீரியல் போர்ட்டில் செருக வேண்டும். 25 முனை போர்ட்டும் 9 முனை கேபிளும் பொருந்தாவிட்டால் நடுவில் ஒரு மாற்றுச் செருகி வேண்டும். கணினிக்குள் பொருத்தும் அட்டை வடிவ உள் மோடம் விலை குறைவு, தொல்லை அதிகம். மவுஸ் காம் 1-ல் இருக்கும்போது மோடத்தைக் காம் 3-ல் வைத்தால் இரண்டும் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பங்குபோடும். இணைப்புக் கிடைத்ததும் மவுஸ் உறைந்துவிடும். அட்டையில் இருக்கும் சிறு ஜம்பர்களைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினால்தான் தீரும்.

பழைய கணினியில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. சீரியல் போர்ட்டை நடத்தும் சில்லு 8250 அல்லது 16450 வகையாக இருந்தால், அது ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டுமே ஏந்தும். அதை மையச் செயலி எடுத்துக்கொள்வதற்குள் அடுத்தது வந்தால் முந்தையது தொலைந்துவிடும். 16550ஏ சில்லில் 16 எழுத்துகள் காத்திருக்க இடம் உண்டு. 14.4 கிலோபிட்டுக்கு மேற்பட்ட மோடத்தை 386-ல் மாட்டியவர்கள், கோப்புகள் பழுதாகி இறங்கும்போது மோடத்தையும் தொலைபேசி இணைப்பையும் சந்தேகித்தார்கள். பல வேளைகளில் குற்றவாளி இந்தச் சில்லுதான்.

மென்பொருளிலும் இரு வழிகள் இருந்தன. மலிவான ‘ஷெல்’ கணக்குக்கு விண்டோஸ்கூட வேண்டாம். டாஸ் கணினியில் டெலிக்ஸ் அல்லது புரோகாம் இருந்தால் போதும். அழைத்து, பெயரும் கடவுச்சொல்லும் தட்டினால் யூனிக்ஸ் திரை வரும். பைன் நிரலில் அஞ்சல், லின்க்ஸ் நிரலில் வலைப்பக்கம். எல்லாம் வெறும் எழுத்து, படம் கிடையாது. பழைய கணினிக்கு இதுவே ஏற்ற வழி. வேகம் குறைந்த இணைப்பில் படமில்லாத பக்கம் சட்டென்று வந்துவிடும்.

படத்தோடு பார்க்க டி.சி.பி./ஐ.பி. கணக்கு தேவைப்பட்டது. விண்டோஸ் 3.1-ல் அந்த வசதி கூடவே வரவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக் என்ற நிரல் அந்த இடைவெளியை நிரப்பியது. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் அதைப் பயன்படுத்தினார்கள். கட்டணம் செலுத்தியவர்கள் மிகச் சிலரே. 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95-ல் டயல்-அப் நெட்வொர்க்கிங் உள்ளேயே இருந்தது. ஆனால் டயல்-அப் அடாப்டரையும் டி.சி.பி./ஐ.பி.யையும் கன்ட்ரோல் பேனலில் தனியே சேர்த்து, கேட்கும்போதெல்லாம் விண்டோஸ் குறுந்தகட்டைப் போட்டு, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். பிறகு டி.என்.எஸ். முகவரியைக் கையால் பதிய வேண்டும். வி.எஸ்.என்.எல்.லின் எண்கள் 202.54 என்று தொடங்கும். அவற்றை நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைத்திருந்த வீடுகள் பல.

அடுத்து மோடத்துக்கான கட்டளை. 1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம் ஏ.டி. என்று தொடங்கும் கட்டளைகளை ஏற்றது. பின்னர் எல்லா மோடமும் அதையே பின்பற்றியது. ஏ.டி.டி.டி. என்றால் டோன் முறையில் சுழற்று, ஏ.டி.டி.பி. என்றால் பழைய பல்ஸ் முறை. எந்த எக்ஸ்சேஞ்சின் கீழ் வீடு வருகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். இதைவிட முக்கியம் டயல் டோன். ரிசீவரை எடுத்தால் இந்தியாவில் கேட்கும் ஒலி அமெரிக்க டயல் டோன் போன்றதன்று. அங்கே வடிவமைத்த மோடம் இதை அடையாளம் காணாமல் ‘டயல் டோன் இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். ‘டயல் டோனுக்குக் காத்திரு’ என்ற பெட்டியில் இருக்கும் குறியை எடுத்துவிடுவது அல்லது எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேர்ப்பது இதற்கு மருந்து. நேரு பிளேஸ் கடைக்காரர் மோடத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்பும் முதல் அறிவுரை இதுவாகவே இருந்தது. பெட்டிக்குள் இருந்த ஆங்கிலக் கையேட்டில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஆட்சி தொலைபேசிக் கம்பியிடமே இருந்தது. தில்லியிலும் பம்பாயிலும் தொலைபேசிச் சேவை 1986-ல் மகாநகர் டெலிபோன் நிகமிடம், எம்.டி.என்.எல்.லிடம், போனது. எக்ஸ்சேஞ்சுகள் படிப்படியாக மின்னணு மயமாயின. 1980-களில் ஆண்டுக்கணக்கில் இருந்த தொலைபேசிக் காத்திருப்பு 1990-களின் முடிவில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை வருவது செப்புக் கம்பிதான். தெருவோர இணைப்புப் பெட்டியிலும் நிலத்தடிக் கேபிளிலும் ஜூலை, ஆகஸ்ட் மழைநீர் புகுந்தால் இரைச்சல் கூடும். பேச்சுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. மோடத்துக்கு அது போதும், வேகம் பாதியாகிவிடும். அரசுக் குடியிருப்புகளில் தொலைபேசி பொதுவாகக் கூடத்தில் இருக்கும், கணினி படிக்கும் அறையில். நடுவில் இழுத்த நீளமான மலிவுக் கம்பி இரைச்சலை இன்னும் கூட்டியது. இன்னோர் அறையில் யாராவது ரிசீவரை எடுத்தாலே இணைப்பு அறும். கால் வெயிட்டிங் ஒலி வந்தாலும் அறும். கோடையில் மின்சாரம் போனால் கணினியே அணையும்; யு.பி.எஸ். வாங்கும்வரை பெரிய கோப்பு எதையும் முழுதாக இறக்க முடியாது. 9.6 கிலோபிட்டில் ஒரு எம்.பி. இறங்கக் கால் மணி நேரம் ஆகும், 28.8-ல் ஐந்து நிமிடம்.

56 கிலோபிட் மோடம் 1997-ல் வந்தபோது எக்ஸ்2, கே56பிளெக்ஸ் என்று ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு முறைகள் இருந்தன. 1998-ல் வந்த வி.90 தரம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. அந்த வேகம் கிடைக்க, சேவை நிறுவனத்திலிருந்து எக்ஸ்சேஞ்சுவரை எல்லாம் இலக்க முறையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியில் மட்டுமே ஒலியாக மாற வேண்டும். நல்ல கம்பி அமைந்த வீட்டிலும் 40-களைத் தாண்டுவதே பெரிது.

கட்டணம் இரண்டு பக்கமும் அரித்தது. இணையக் கணக்குக்குத் தனியாகப் பணம்; இணைந்திருக்கும் நேரத்துக்குத் தொலைபேசிக் கட்டணம் தனி. 1999-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த கட்டண ஆணைப்படி உள்ளூர் அழைப்பில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ‘கால்’ கணக்கானது. ஒரு மணி நேரம் இணையத்தில் இருந்தால் 20 கால். இருபது ரூபாய்க்கு மேல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போதுதான் செலவு தெரியும். அலுவலகம் கட்டும் வீட்டுத் தொலைபேசிக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. மீறிய தொகை ஊழியரின் பாக்கெட்டிலிருந்து போக வேண்டும். அதனால் அஞ்சல்களை இணைப்பு இல்லாமல் எழுதி வைத்து, இணைந்ததும் மொத்தமாக அனுப்பி, வந்ததை இறக்கி, உடனே துண்டிப்பது வழக்கமாயிற்று. வீட்டு இணையம் நிதானமாக உலவும் இடமாக மாறாமல் போனதற்கு மோடத்தின் வேகத்தைவிட இந்தக் கட்டண முறையே பெரிய காரணம்.

1998 நவம்பரில் அரசு தனியாருக்கு அனுமதி கொடுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே அம்மாதமே தனியார் சேவையைத் தொடங்கியது. எம்.டி.என்.எல். 1999-ல் தானே இணையச் சேவை தர ஆரம்பித்தது. போட்டி வந்ததும் மணிக்கணக்கு விலை சரிந்தது. கணினி இதழ்களோடு வந்த குறுந்தகடுகளில் சோதனைக் கணக்குகள் இலவசமாகக் கிடைத்தன. கடைகளில் பல்பொடிப் பாக்கெட் மாதிரி இணைய ‘கிட்’கள் தொங்கின. சேவை நிறுவனங்களுக்கு 172 என்று தொடங்கும் சிறிய எண்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் கணக்கே தொடங்காமல், அழைக்கும் தொலைபேசி எண்ணை வைத்து மாதப் பில்லிலேயே இணையக் கட்டணத்தைச் சேர்க்கும் முறையும் வந்தது. முன்பணம் கட்டத் தயங்கிய குடும்பங்களை உள்ளே இழுத்தது இந்தக் கடைசி ஏற்பாடுதான்.

தமிழர் வீடுகளுக்கு இன்னொரு படி மிச்சம் இருந்தது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி அன்று பரவவில்லை. ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்கி விண்டோஸின் எழுத்துரு அடைவில் போடாவிட்டால் திரையில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளே தெரியும். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஆகியவை இந்த வேலையை எளிதாக்கின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் தரமாக்கப்பட்டன. தமிழ்ப் புத்தகம் வாங்கக் கரோல் பாக்குக்கோ ஊருக்கோ போக வேண்டியிருந்த தில்லிக் குடும்பத்துக்கு, சங்க நூல் ஒன்று சில நிமிடத்தில் வீட்டில் இறங்கியது பெரிய பேறு. வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் டயல்-அப்பின் வேகமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

2004 அக்டோபரில் அரசு அறிவித்த அகன்ற அலைவரிசைக் கொள்கை, எப்போதும் இணைந்திருக்கும் 256 கிலோபிட் வேகத்தை அதன் குறைந்தபட்ச அளவாக வகுத்தது. 2005 ஜனவரியில் எம்.டி.என்.எல். டிரைபேண்ட் என்ற பெயரில் ஏ.டி.எஸ்.எல். சேவையைத் தொடங்கியது. அதே செப்புக் கம்பி, அதே சுவர்ச் செருகி. ஆனால் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி பேச்சையும் தரவையும் பிரித்தது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் இணையத்தில் இருக்கலாம். கால் கணக்கும் இல்லை. அதன் பிறகு டயல்-அப் மோடம்கள் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போய்ச் சேர்ந்தன.

மோதி பாக்கின் வடபகுதியில் இருந்த பழைய அரசு வீடுகள் இடிக்கப்பட்டு, 2010-களின் தொடக்கத்தில் நியூ மோதி பாக் என்ற புதிய குடியிருப்பு எழுந்தது. ஜி.ஐ.ஏ.எஸ். தொடங்கிய வி.எஸ்.என்.எல். 2002-ல் டாடா குழுமத்தின் கைக்குப் போய், 2008 முதல் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. உலக அளவில் டயல்-அப்பின் அடையாளமாக இருந்த அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் அச்சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது.