லைம் நோய்

உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியத் தொற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற சிற்றூரின் பெயரால் அறியப்படுகிறது. 1975 வாக்கில் அந்த வட்டாரக் குழந்தைகள் பலருக்கு மூட்டுகள் வீங்கின. சிறார் முடக்குவாதம் என்றார்கள் மருத்துவர்கள். பாலி மர்ரி என்ற தாய் அதை ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு இந்த உபாதை என்று தாமே பட்டியல் எடுத்து மாநிலச் சுகாதாரத் துறையிடம் முறையிட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆய்வில் இறங்கியது அதன் பிறகே. இந்நோய் பற்றிய விழிப்புணர்வுக்கு வித்திட்டது அந்தப் பட்டியல்தான் எனலாம். வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிவியலாளர் 1981-இல் உண்ணியின் குடலில் இந்நோய்க்குக் காரணமான சுருள் வடிவக் கிருமியைக் கண்டறிந்தார். கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

பெரும்பாலும் நோயைத் தருவது வளர்ச்சியடையாத இளம் உண்ணி. கசகசா அளவே இருக்கும், கடித்தாலும் வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், காதோரம் எனக் கண்ணுக்குத் தப்பும் இடங்களில் ஒட்டிக்கொள்ளும். கிருமி உடலில் ஏற வழக்கமாக ஒரு நாளுக்கு மேலாகும் என்பதால், காட்டுப்பாதையில் நடந்து வந்த அன்றே உடலைத் தடவிப் பார்ப்பது மிக அவசியம். உண்ணி இருந்தால், கூர்நுனி இடுக்கியால் அதைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீயால் சுடவோ எண்ணெய் பூசவோ கூடாது.

விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்பு முக்கிய அறிகுறி. எல்லோருக்கும் அது வருவதில்லை. தொடக்கத்தில் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளால் குணமாகும். கவனிக்காவிட்டால் மூட்டு, இதயம், நரம்புகள் பாதிக்கப்படலாம். முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம். எனவே தடிப்பைப் பார்த்தே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.