வேலை அறிவிப்பு (காவிரிப் படுகை)

ஆள் தேவைப்படுவோர் பணி, ஊதியம், தகுதி, காலம் ஆகியவற்றை முன்கூட்டியே பொதுவில் தெரிவிக்கும் குறிப்பு. இன்றைய பொருளில் விளம்பரம் அல்ல என்றாலும், பணி நிபந்தனைகளை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்ததற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு நல்ல சான்று. முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் ஆடல் மகளிரை) அமர்த்தியபோது, ஆளுக்கொரு வீடு, ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல் என்று வெட்டப்பட்டது. நெல்லை அளக்கும் மரக்காலின் பெயரும் (ஆடவல்லான்) உண்டு. ஒருவர் இறந்தாலோ வெளிநாடு சென்றாலோ நெருங்கிய உறவினர் பணியேற்கலாம்; அவருக்குத் தகுதி இல்லையேல், தகுதியுள்ள வேறொருவரை அமர்த்தவேண்டும். 'திறமைக்கேற்ற சம்பளம்' என்று மழுப்பும் இக்காலச் சுவரொட்டிகளில் இந்தத் துல்லியம் கிடையாது.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் ஆகியோரைத் தேடும்போது, பதவிப் பெயரிலேயே 'பருவகால' என்று சேர்க்கிறது. நிரந்தர வேலை என்ற ஆசை காட்டாத நேர்மை அது. அரிசி ஆலைகளும் கடைகளும் பணிக்காலத்தோடு வேலைநேரம், பிடித்தங்கள், வைப்புத்தொகை கேட்கப்படுமா என்பனவற்றையும் சொல்லவேண்டும்.

காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கிய 1959-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், தனியார் வயல்வேலைக்கு விலக்களித்திருந்தது.