விற்றுவிட்டுப் போகாத குதிரை வியாபாரி

பாண்டிய நாட்டில் குதிரை வாங்குவது பெரிய காரியமில்லை. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ எழுதியிருக்கிறார்: ராஜாக்கள் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குவார்கள், வருஷம் முடிவதற்குள் நூறுகூட மிஞ்சாது. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் போட்டு வளர்த்தார்களாம். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் லாடக்காரர்களை இங்கே வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்கிறாரே, அதை நான் அப்படியே நம்புகிறேன். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

என் தாத்தா பெங்களூரு கண்டோன்மென்ட்டில் லாடம் அடித்துப் பிழைத்தவர். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியனுக்கு வந்த குதிரைகள் ராத்திரியோடு ராத்திரியாக நரிகளான இடம் வந்தால் அவருக்குப் பொறுக்காது. “வாங்கின அன்னைக்கே ஒருத்தன் குளம்பைத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?” என்பார். பாட்டி காதைப் பொத்திக்கொள்வாள்.

பெங்களூரில் கதை வேறு மாதிரிப் போனது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம்; கடற்கரைப் புழுக்கம் கிடையாது. மேற்கே 70 கிலோமீட்டர் தள்ளி, குனிகல்லில் திப்பு சுல்தான் தன் படைக்காகக் குதிரைப் பண்ணை வைத்திருந்தார். அங்கே பின்னாளில் பந்தயக் குதிரைகள் பிறந்தன. ஆனால் என் மனதில் நிற்பவர் ஆகா அலி அஸ்கர். பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து 1824-இல், பதினாறு வயதில், குதிரைகளோடு வந்து சேர்ந்தார். மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கும் வெள்ளைக்காரப் படைக்கும் குதிரை விற்றார். கமிஷனர் மார்க் கப்பனுக்கு நல்ல அரபுக் குதிரை என்றால் உயிர். நட்பு அதில் வளர்ந்தது. விற்ற காசை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் இங்கேயே தங்கினார், வரிசையாக பங்களாக்கள் கட்டினார். கன்னிங்ஹாம் ரோட்டை ஒட்டிய அலி அஸ்கர் ரோடு அவர் பெயரில் இருக்கிறது. பேரன் சர் மிர்சா இஸ்மாயில் 1926 முதல் 1941 வரை மைசூர் திவான்.

தங்கியது சின்ன விஷயமில்லை என்று நினைக்கிறேன். விற்ற குதிரை நொண்டினால், வாங்கியவர் மறுநாளே வாசலில் வந்து நிற்பார். அந்தப் பயம் இருக்கிற ஊரில்தான் லாடக்காரனுக்கும் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸுக்கும் மரியாதை. கண்டோன்மென்ட்டில் எங்கள் தமிழ் ஜனங்கள் பலருக்கு லாயம்தான் சோறு போட்டது.

இன்று எலகங்கா, தேவனஹள்ளிப் பக்கம் இருக்கும் சவாரிப் பண்ணைகளில் கணக்கு பாண்டியர் காலத்துக்கு நேர் எதிர். வைட்ஃபீல்டில் வேலை பார்ப்பவர் குதிரையை வாங்கிப் பண்ணையில் விடுகிறார். மாதாமாதம் பணம் கட்டுகிறார். குதிரை நன்றாக இருக்கும்வரைதான் பண்ணைக்கு வரும்படி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும், புல்லும் தீவனமும் நேரம் தவறக் கூடாது, வயிற்றுவலி வந்தால் நடுராத்திரியிலும் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அலுப்பு. ஏறியவுடன் பாய வேண்டும் அவர்களுக்கு.

அலி அஸ்கரின் வழியில் ஆறாம் தலைமுறை ஹஸ்னைன் மிர்சா, குதிரை மருத்துவர். அவர் மகன் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வாங்கினார். 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. அணிக்கும் வெள்ளி. டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போய் 23-ஆவது இடம். அவர் ஏறிய குதிரை, சீன்யூர் மெடிகாட், ஜெர்மனியில் பிறந்தது. அவர் பயிற்சி எடுத்ததும் ஜெர்மனியில்தான். இந்தியக் குதிரையை ஐரோப்பியப் போட்டிக்குக் கூட்டிப் போக நோய்த்தடுப்பு விதிகள் அப்போது லேசில் இடம் கொடுக்கவில்லை. முப்பாட்டன் குதிரையை ஓட்டிக்கொண்டு இங்கே வந்தார்; பேரப்பிள்ளை குதிரைக்காக ஊரை விட்டுப் போய் இருக்க வேண்டியதாயிற்று.