அரசு வழக்கறிஞருக்கு மேலே ஒருவர்

மும்பையின் சயான் கோலிவாடா, மாட்டுங்கா, தாராவி என்றதும் வெளியூர்த் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ படம்தான். நாயகனுக்கு எதிராக வாய் திறக்க ஆளில்லை. நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது. பிறகு நடந்தது வேறு கதை. அந்த வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞரின் முகம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வழக்கு மன்றமேறும் முன்பே கட்டைப் பிரித்து, “இதில் எந்தச் சாட்சி நிற்பார்?” என்று அவரைக் கேட்க வேண்டிய இன்னொருவரும் உண்டு. இக்கட்டுரை அந்த இன்னொருவரைப் பற்றியது.

அரசு வழக்கறிஞர்களை மேற்பார்வையிடும் இந்தப் பதவியின் வரலாற்றில் மகாராஷ்டிரத்துக்குத் தனி இடம் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகும் இங்கே உதவி அரசு வழக்கறிஞர்கள் காவல்துறையின் கட்டுப்பாட்டிலேயே இருந்தார்கள். வழக்குப் போட்ட துறையே வழக்கு நடத்துபவருக்கும் எசமான். 1995-இல் ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை அறுத்தது. அவர்களைக் காவல்துறையிலிருந்து பிரித்துத் தனி அணியாக்கு, அரசுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒருவரை அதற்குத் தலைவராக்கு என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. பத்தாண்டு கழித்து, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழக்குத் தொடர்வு இயக்ககம் 25-அ பிரிவாகச் சட்டத்தில் ஏறியது. இயக்குநரை நியமிக்க உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவில் அந்த இசைவைக் காணோம். இயக்ககம் உள்துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. காவல்துறையும் அதே உள்துறையில்தான். தனிக்குடித்தனம் வைத்தார்கள், ஆனால் அதே வீட்டு மாடியில்.

மேற்பார்வை என்றால் என்ன வேலை? தாராவியில் ஒரு கத்திக்குத்துக் கொலை என்று வையுங்கள். உடல் சயான் மருத்துவமனைக்கு வரும். இரத்தக்கறை படிந்த சட்டை, பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றுகைக் குறிப்பு) எழுதிப் பொட்டலமாகி, அரக்கு முத்திரையோடு காவல் நிலைய முத்தேமால் (வழக்குப் பொருள்) அறையில் கிடந்து, பிறகு கலீனா தடய அறிவியல் கூடத்துக்குப் போகும். பொட்டலம் அந்த அறைக்குள் போன நாளுக்கும் கலீனாவுக்குப் புறப்பட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாள்? பஞ்சநாமாவில் சொன்ன முத்திரையும் ஆய்வுக்கூடம் கண்ட முத்திரையும் ஒன்றுதானா? எதிர்த்தரப்பு விரல் வைக்கும் இடம் இதுதான் என்பதால் மேற்பார்வையாளரின் விரல் முதலில் அங்கே போக வேண்டும். கத்தியை மருத்துவரிடம் காட்டி, இந்தக் காயம் இதனால் ஆகியிருக்குமா என்று எழுதி வாங்கினார்களா? கண்ணால் கண்டவரின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன் பதிந்தாயிற்றா? நம் ஊர்க்காரர் சாட்சி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அம்மன் கோயில் கொடைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனவர் திரும்பி வருவதற்குள் வாடகை அறை கைமாறியிருக்கும். ஊர் முகவரியை யாராவது குறித்து வைத்தார்களா?

பண மோசடியில் சாட்சி ஊர் போய்விடுவார் என்ற பயம் குறைவு, ஏனென்றால் பேச வேண்டியது காகிதம். ஆனால் அது அளவுக்கு மீறிப் பேசும். 1984-இல் சயானில் ஒற்றைக் கிளையாகத் தொடங்கிய பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை எடுத்துக்கொள்வோம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, கணக்கிலிருந்து எடுக்க முதலில் அனுமதித்த தொகை ஆயிரம் ரூபாய். சேமிப்பு முழுவதையும் உள்ளே வைத்துவிட்டு ஆயிரத்துக்கு வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு ஐந்து பேர் மீது தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை சுமார் 32,000 பக்கம். இங்கே மேற்பார்வையாளர் செய்ய வேண்டியது கழித்தல். எந்தக் கடன் கணக்கு, எந்தப் போலிப் பதிவு, யாருடைய கையெழுத்து என்று நீதிபதியின் மேசைக்கு ஐம்பது பக்கமாவது தனியே பிரித்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். கொலை வழக்கில் பழுத்த கை இதில் தடுமாறுவதுண்டு. இரண்டையும் ஒரே படிக்கட்டில் ஏற்றுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

20-ஆம் பிரிவு அப்படித்தான் ஏற்றுகிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகள் இயக்குநரின் கண்காணிப்பில். ஏழு முதல் பத்துக்குள் என்றால் துணை இயக்குநர். ஏழுக்குக் கீழே உதவி இயக்குநர். வைப்பீட்டாளர் நலன் காக்க மகாராஷ்டிரம் 1999-இல் இயற்றிய எம்.பி.ஐ.டி. சட்டத்தில் உச்ச தண்டனை ஆறாண்டு. அந்தச் சட்டம் ஒன்றை மட்டும் வைத்து வழக்குப் பதிந்தால் கோப்பு கடைசிப் படியிலேயே நிற்கும். வங்கியாளரின் நம்பிக்கை மோசடி என்ற, ஆயுள் வரை தண்டனையுள்ள பிரிவும் சேர்ந்தால் அதே கோப்பு இயக்குநரிடம் ஏறிவிடும். ஆண்டுகளை எண்ணும் அந்தப் பிரிவில், வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை.